வேகமா போடுறான் சரி... தேறுவானா? சிவகாசி வட்டாரத்தின் இளம் பந்துவீச்சாளரை எடைபோடுவது எப்படி?

தீபாவளி முடிந்தால் சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலை கொஞ்ச நாள் ஓயும். ஓய்ந்த கை சும்மா இருக்காது. கரிசல் காட்டில் ஸ்டம்ப் ஊன்றிவிடும். பொங்கல் வரைக்கும் ஊருக்கு ஊர் டென்னிஸ் பந்து டோர்னமென்ட், ஃபிளெக்ஸ் பேனர், சுழற்கோப்பை, மைக்கில் வர்ணனை. அப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு பையன் இருப்பான். "அவன் போட்டா பந்தே கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி" என்பார்கள். அதோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை இல்லை. அடுத்த வாக்கியம் உடனே வரும்: "இவனை மெட்ராஸ் அனுப்பினா அடுத்த நடராஜன்."

இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் செலவு அதிகம். அதை நம்பி பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தும் பையன்கள் இருக்கிறார்கள். அச்சகத்திலும் ஆலையிலும் வாரக் கூலி வாங்கும் அப்பா, அகாடமி ஃபீஸுக்குக் கடன் வாங்குகிறார். எனவே ஒரு பையன் வேகமாகப் பந்து போடுகிறான் என்பதற்கும், அதை வைத்து அவன் பிழைத்துக்கொள்வான் என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்பீடு கன் சொல்லாத கதை

முதலில் ஒரு சோதனையைப் பார்த்துவிடலாம். 2008இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட், இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு டிவி போட்டி நடத்தினார். கிரிக்கெட் நாடாச்சே, இங்கே பந்து எறியும் கை எத்தனையோ இருக்கும், அதில் ஒரு கையைப் பிடித்து பேஸ்பால் பிட்சராக்கிவிடலாம் என்பது கணக்கு. 37,000 பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள். ஜெயித்தது யார் தெரியுமா? கிரிக்கெட் ஆடியவர்கள் இல்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இரண்டு ஈட்டி எறியும் பையன்கள். ரிங்கு சிங் முதலிடம், தினேஷ் படேல் இரண்டாமிடம். பேஸ்பாலை அதற்கு முன் தொட்டதுகூடக் கிடையாது. மணிக்கு 140 கிலோமீட்டரை ஒட்டி எறிந்தார்கள்.

அமெரிக்கா கொண்டுபோய், டாம் ஹவுஸ் என்ற பெயர்பெற்ற பிட்சிங் கோச்சிடம் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆண்டு இறுதியிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014இல் டிஸ்னி படமும் எடுத்தது. படம் அங்கே முடிந்துவிடுகிறது, வாழ்க்கை முடியவில்லையே. தினேஷை 2010இல் அணி விடுவித்தது. ரிங்கு இன்னும் சில ஆண்டுகள் கீழ்நிலை லீக்குகளில் ஆடினார், ஜெயிக்கவும் செய்தார். பிறகு கையில் காயம், அறுவைசிகிச்சை. மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. இப்போது மல்யுத்த ரசிகர்களுக்கு அவரை 'வீர் மஹான்' என்று தெரியும்.

இது தோல்விக் கதை இல்லை, அந்தப் பையன்கள் தொட்ட உயரம் சின்னதும் இல்லை. ஆனால் வேகம் ஒன்றை மட்டும் வைத்து ஆள் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனை கிடையாது. வேகம் கதவைத் திறந்துவிடும். உள்ளே உட்கார நாற்காலி தராது.

பேஸ்பால்காரர்களுக்கே இது நன்றாகத் தெரியும். நூறு வருஷத்துக்கு மேலாக ஊர் ஊராகப் போய் பள்ளிப் பையன்களை எடைபோடுவது அங்கே ஒரு தனித் தொழில். 20 முதல் 80 வரை மார்க் போடுவார்கள். வேகத்துக்கு ஒரு மார்க், கட்டுப்பாட்டுக்கு ஒன்று, வளைந்து விழும் பந்துக்கு ஒன்று. இன்றைக்கு எப்படிப் போடுகிறான் என்பதற்கு ஒரு மார்க்கும், நாலைந்து வருஷம் கழித்து எப்படிப் போடுவான் என்று நினைக்கிறோமோ அதற்கு இன்னொரு மார்க்கும் உண்டு. இவ்வளவு செய்தும் தப்பு நடக்கும். 1991இல் நியூயார்க் யாங்கீஸ் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த பள்ளிப் பையன் பிரையன் டெய்லர். 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள்பட்டை போயிற்று. அவர் மேஜர் லீக் வரவே இல்லை. 1984 தேர்வில் 31ஆவதாகப் போன கிரெக் மேடக்ஸுக்கு மிரட்டும் வேகம் கிடையாது. நினைத்த இடத்தில் பந்தை வைப்பார். 355 ஆட்டங்கள் ஜெயித்தார்.

நம்ம ஊரில் மார்க் போட ஆளே இல்லை. இருப்பது ஒரு மொபைல் ஆப்.

அந்த ஆப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "140 போடுறான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் பாதி இதை வைத்துத்தான். பந்து கையை விட்ட நொடியையும் பேட்டை எட்டிய நொடியையும் வீடியோவில் குறித்தால், ஆப் தூரத்தை நேரத்தால் வகுத்துச் சொல்லும். 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 18 மீட்டரைக் கடக்க சுமார் 0.54 நொடி ஆகும். சாதாரண போன் நொடிக்கு 30 படம் எடுக்கும். ஒரே ஒரு படம் தள்ளிக் குறித்தாலே 7 கிலோமீட்டர் கூடும் அல்லது குறையும். அதோடு நம்ம டோர்னமென்ட்டில் பிட்ச் 22 கஜம் இருக்கிறதா என்று யார் நாடா பிடித்துப் பார்த்தது? 20 கஜமாக இருந்தால் ஆப் காட்டும் வேகம் பத்து சதவீதம் பொய். 110 போடும் பையன் 121 ஆகிவிடுவான். அந்த எண்ணை நம்பி வீட்டில் முடிவெடுக்காதீங்க.

ஐம்பத்தெட்டு கிராமும் நூற்றி அறுபது கிராமும்

டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். ஆண்கள் கிரிக்கெட்டின் தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஏழு எட்டு வருஷம் லேசான பந்தையே போட்டுப் பழகிய கை, முழங்கையை மடக்கி வெடுக்கென்று விடப் பழகியிருக்கும். அந்தப் பந்தில் வேகம் கிடைக்க அது சுலபமான வழி. தோல் பந்துக்கு வரும்போது அதே பழக்கம் 'த்ரோ' ஆகிவிடும். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது ஐசிசி விதி.

இது கற்பனை ஆபத்து இல்லை. எல்லோரும் உதாரணம் காட்டும் நடராஜனுக்கே நடந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் அம்மா ரோட்டோரத்தில் கடை போட்டிருந்த வீடு. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். 2010-11இல் சென்னை நான்காம் டிவிஷன் லீக்குக்கு வந்து, மெல்ல மெல்ல ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டம் கிடைத்தது. அந்த முதல் ஆட்டத்திலேயே பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் கையைத் திருத்திக்கொள்வதிலேயே போயிற்று. 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியது அவருடைய நல்ல நேரம். அந்த யார்க்கர்களைப் பார்த்து 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம்தான். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்.

இந்தக் கதையில் நம்ம பக்கத்து ஆட்கள் பார்ப்பது 3 கோடியை. நான் பார்க்கச் சொல்வது நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு வருஷத்தை. நான்காம் டிவிஷனிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறியது, புகார் வந்தபோது மனசு விடாமல் திரும்பத் திரும்பக் கையைத் திருத்தியது, கூட நின்று தாங்கிய ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ். அந்த அண்ணன் இல்லையென்றால் அந்த யார்க்கர் சின்னப்பம்பட்டியைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

டென்னிஸ் பந்து கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. அது அதிகம் எழும்பும், குட்டையாகப் போட்டால் சிக்ஸர்தான். அதனால் காலடியில் போட்டே பழகுவார்கள். நடராஜனின் யார்க்கர் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது. இலங்கையில் காலிக்குப் பக்கத்து ரத்கமவிலிருந்து வந்த லசித் மாலிங்காவும் அப்படித்தான். பதினேழு வயதில் அவரைப் பார்த்த சம்பக ராமநாயக்க, தோளுக்குப் பக்கவாட்டில் சுழலும் அந்தக் கையை 'சரி' செய்ய முயலவில்லை. விட்டுவிட்டார். நல்ல கோச் என்றால் எதைத் திருத்துவது என்று தெரிந்தவர் மட்டுமல்ல, எதில் கை வைக்கக் கூடாது என்றும் தெரிந்தவர். முழங்கை மடங்கி நிமிர்ந்தால் திருத்தியே ஆகவேண்டும். கை வித்தியாசமாகச் சுழல்கிறது என்பது வேறு விஷயம்.

ஆகவே முதல் சோதனை எளிது. தோல் பந்து ஒன்றைக் கொடுங்கள். 22 கஜத்தை நாடா பிடித்து அளந்து, பக்கவாட்டிலும் பின்னாலும் போனை வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். அந்த வீடியோவைப் பார்க்க வேண்டியவர் மாமாவோ மாப்பிள்ளையோ இல்லை, லீக் ஆடிய யாராவது ஒருத்தர்.

ஆறாவது ஓவரில் என்ன நடக்கிறது?

டென்னிஸ் பந்து ஆட்டத்தில் ஒருத்தனுக்கு இரண்டு ஓவர். பன்னிரண்டு பந்தும் உயிரைக் கொடுத்துப் போடலாம். தொழில்முறை ஆட்டம் அப்படி இல்லை. லீக் ஆட்டத்தில் நாலு ஸ்பெல், மொத்தம் பதினைந்து இருபது ஓவர், மறுநாளும் வந்து நிற்கவேண்டும். எனவே ஒரு பையனை எடைபோட அவன் முதல் ஓவரைப் பார்க்காதீங்க. ஸ்டம்புக்கு முன்னால் நல்ல லெங்த்தில் ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டு ஆறு ஓவர் போடச் சொல்லுங்கள். முதல் பன்னிரண்டு பந்தில் எத்தனை சாக்கில் விழுந்தது, கடைசிப் பன்னிரண்டில் எத்தனை? முதலில் ஏழு, கடைசியில் ஆறு என்றால் இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது. முதலில் எட்டு, கடைசியில் இரண்டு என்றால் வேகம் இருக்கிறது, உடம்பும் முறையும் இன்னும் வரவில்லை.

பேஸ்பால் ஸ்கவுட்டுகள் இதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ஒரே அசைவைக் களைத்த பிறகும் அச்சுப்போலத் திரும்பச் செய்ய முடிகிறதா? சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் நூறு காலண்டரில் கலர் ஒட்டி விழுந்து, ஆயிரமாவதில் விலகிவிட்டால் அந்த மெஷினை யாரும் நல்ல மெஷின் என்று சொல்லமாட்டார்கள்.

உம்ரான் மாலிக்கை நினைத்துப் பாருங்கள். 2021இல் நெட் பந்துவீச்சாளராக ஹைதராபாத் அணியோடு போனவர், 2022 ஐபிஎல்லில் 157 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு 22 விக்கெட் எடுத்தார். நாடே பேசியது. 2023க்குப் பிறகு இந்திய அணியில் அவர் இல்லை. ரன் அதிகம் போனது, காயங்களும் வந்தன. ஜம்மு வரை வெளிச்சம் போட்டுத் தேடிக் கண்டுபிடித்த வேகமே இப்படித் தள்ளாடுகிறது என்றால், ஏழாயிரம்பண்ணையில் ஆப் காட்டும் 140ஐ வைத்து என்ன சொல்ல முடியும்?

மறுபக்கமும் உண்டு. பாகிஸ்தானின் ஹாரிஸ் ரவூஃப், டேப் ஒட்டிய டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். 2017இல் லாகூர் கலந்தர்ஸ் நடத்திய திறந்தவெளித் தேர்வில் ஸ்பீடு கன்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்த அணி அன்றைக்கே அவரை ஆட வைக்கவில்லை. ஆஸ்திரேலியா அனுப்பிப் பயிற்சி கொடுத்து, பிறகுதான் இறக்கியது. வேகத்தைக் கண்டுபிடித்தவர்களே அதை வளர்க்கவும் செலவு செய்தார்கள். நம்மிடம் கண்டுபிடிப்பு மட்டும் இருக்கிறது.

மீசை முளைத்தவன் முந்திக்கொள்வான்

பதினான்கு வயது டோர்னமென்ட்டில் எல்லோரையும் சாய்ப்பவன் பெரும்பாலும் யார்? மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமாக, மீசை அரும்பியவன். அவனுக்குத் திறமை அதிகம் என்று நினைக்கிறோம். பல நேரம் அவனுக்கு உடம்பு முந்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான். பதினெட்டில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு இவனிடம் தந்திரமோ லெங்த்தோ இல்லையென்றால் காணாமல் போவான். இதே காரணத்தால் பதினான்கில் ஒல்லியாக, குட்டையாக, ஆனால் பந்தை இரண்டு பக்கமும் ஆடவிடும் பையனை நாம் பார்ப்பதே இல்லை. அவனைத்தான் பார்க்கணும். அப்பா, தாய்மாமன் உயரம் என்ன, கால் பாதம், உள்ளங்கை எப்படி என்று பார்ப்பது ஸ்கவுட்டுகள் செய்யும் வேலை. நம்ம வீட்டுப் பெரியவர்கள் கன்று வாங்கும்போது இதைவிட நுணுக்கமாகப் பார்ப்பார்கள்.

பர்த் சர்ட்டிபிகேட்டில் இரண்டு வயசு குறைத்துவிட்டால் போதும் என்று சில இடங்களில் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். 16 வயதுக்குட்பட்டோருக்கு பிசிசிஐ எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணக்கிடுகிறது. மாட்டினால் தடை. மாட்டாவிட்டாலும் தன்னைவிடச் சின்னப் பையன்களை ஜெயித்து யாருக்கு என்ன லாபம்?

வயதை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்பும் எழுதிவிடக் கூடாது. சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய 1987இல், வேகப்பந்து வீசவேண்டும் என்று மும்பையிலிருந்து ஒரு சின்னப் பையன் வந்தான். டென்னிஸ் லில்லி பார்த்துவிட்டு, நீ பேட்டிங்கைப் பாரு தம்பி என்கிற மாதிரி சொல்லி அனுப்பினார். அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர். வருண் சக்கரவர்த்தி முதலில் கீப்பர், பிறகு ஆர்க்கிடெக்ட், பிறகு வேகப்பந்து, முழங்காலில் அடிபட்டதும் சுழல். 2018 டிஎன்பிஎல்லில் மதுரைக்கு ஆடி, அந்த டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். பந்து போடும் பையன் பந்துவீச்சாளனாகவே இருக்கவேண்டும் என்று யார் சொன்னது?

முதுகு வலிக்குதுன்னா எண்ணெய் தேய்க்காதீங்க

இந்தப் பகுதியை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் திறமையைவிட அதிகம் பேரை வெளியே தள்ளுவது இதுதான்.

பதினான்கிலிருந்து இருபது வரை கீழ் முதுகெலும்பு முழுதாக இறுகியிருக்காது. வேகமாகப் போடும்போது ஒவ்வொரு பந்துக்கும் உடல் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முன்காலில் பல மடங்கு எடையோடு இறங்குகிறது. அளவு மீறினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். வலதுகைக்காரனுக்குப் பெரும்பாலும் இடது பக்கக் கீழ்முதுகில் வலிக்கும், பின்னால் வளைந்தால் கூடும். ஊரில் இதற்குப் பெயர் 'சுளுக்கு'. எண்ணெய் தேய்த்து, வழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செமிஃபைனலுக்குத் தள்ளிவிடுவோம். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். எலும்பு மருத்துவரிடம் "இவன் வேகப்பந்து போடுறவன் டாக்டர்" என்று சொல்லியே காட்டவேண்டும். சரியான நேரத்தில் சில மாதம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும். கொடுக்காவிட்டால் பையன் அதோடு முடிந்தான்.

2018 ஜூனியர் உலகக் கோப்பையில் கமலேஷ் நாகர்கோட்டி 149 வரை போட்டார். கொல்கத்தா 3.2 கோடிக்கு எடுத்தது. முதுகெலும்பு விரிசல் உள்ளிட்ட காயங்களால் 2018, 2019 இரண்டு ஐபிஎல்லும் வெளியில். அவருக்கு அணி இருந்தது, பிசியோ இருந்தார்கள். நம்ம பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கிலாந்தில் இதற்கு எழுதிவைத்த கட்டுப்பாடு உண்டு. 13 வயது வரை தொடர்ந்து 5 ஓவருக்கு மேல் கூடாது, நாளுக்கு 10. 14, 15 வயதில் தொடர்ந்து 6, நாளுக்கு 12. அமெரிக்க பேஸ்பாலில் 2014 முதல் வயதுவாரியாக ஒரு நாளில் எத்தனை பந்து என்று பரிந்துரை இருக்கிறது. 11, 12 வயதுக்கு 85 பந்து, 15, 16 வயதுக்கு 95, அதற்குப் பிறகு கட்டாய ஓய்வு நாட்கள். அங்கே நடந்த ஆய்வு ஒன்று, வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் வீசிய பையன்களுக்கு அறுவைசிகிச்சை அபாயம் ஐந்து மடங்கு என்று கண்டது.

நம்ம டோர்னமென்ட்டில் ஃபைனல் வரை போகும் அணிக்கு ஒரே நாளில் நாலு மேட்ச். பந்துவீச்சு எட்டு ஓவர், அது தவிர பவுண்டரியிலிருந்து எறிவது, நடுவில் அடுத்த ஊர் அணிக்கு 'கெஸ்ட் பிளேயர்' என்று ஒரு மேட்ச். நல்லா போடுறவன் என்பதாலேயே அவனுக்குத்தான் ஓய்வு கிடையாது. போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்கள் ஒரு வேலை செய்யலாம்: 16 வயதுக்குக் கீழே இருப்பவனுக்கு நாளுக்கு இத்தனை ஓவர் என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காசு செலவில்லை. ஸ்கோர் நோட்டு எப்படியும் இருக்கிறது.

நாற்காலி எத்தனை?

இப்போது கணக்கு. ஐபிஎல்லில் 10 அணி, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 25 பேர், அதில் 8 பேர் வரை வெளிநாட்டவர். நாடு முழுவதற்கும் இந்தியர்களுக்கு ஏறத்தாழ 170 இடம். அதில் வேகப்பந்துக்கு மூன்றில் ஒன்று என்று வைத்தால் ஐம்பத்தேழு. டிஎன்பிஎல்லில் 8 அணி, அணிக்கு ஆறு வேகப்பந்து வீச்சாளர் என்றால் 48. தமிழ்நாட்டில் மாவட்டம் 38. மாவட்டத்துக்கு ஒன்றேகால் ஆள். ரஞ்சி ஆடும் பதினொன்றில் வேகத்துக்கு இரண்டு, மூன்று இடம். 2021இல் அறிவித்த கணக்குப்படி ரஞ்சியில் புதிதாக வருபவருக்கு ஒரு நாளுக்கு 40,000 ரூபாய். நாலு நாள் ஆட்டத்துக்கு 1.6 லட்சம். நல்ல பணம்தான், அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தனாக இருந்தால்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "ஐபிஎல் இல்லேன்னா ஒண்ணுமில்லை" என்று நினைப்பவன் தோற்பது ஏறக்குறைய உறுதி. கல்லூரி ஒதுக்கீட்டில் ஓர் இடம், காமராஜர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டம், மாவட்ட அணி, சென்னை லீக்கில் கீழ் டிவிஷன், அங்கிருந்து ஒரு நிறுவன அணி. இந்தப் படிகளிலும் பிழைப்பு இருக்கிறது. எனவே படிப்பை நிறுத்தச் சொல்லும் எந்தக் கோச்சையும் நான் நம்பமாட்டேன். டிகிரி படித்துக்கொண்டே போட முடியாத வேகம், டிகிரி இல்லாமல் மட்டும் எங்கிருந்து வரும்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் கணக்கு வேறு. 2023இல் டபிள்யூபிஎல் வந்தது. வேகமாகப் பந்து போடும் பெண்கள் குறைவு, போட்டி இன்னும் நெருக்கவில்லை. மதுரைப் பெண் கமலினியை 2024 டிசம்பர் ஏலத்தில் மும்பை 1.6 கோடிக்கு எடுத்தபோது அவருக்கு 16 வயது. அவர் பேட்டர், கீப்பர். ஆனாலும் மதுரை நமக்குப் பக்கம்தான். பள்ளியில் ஈட்டி, குண்டு எறியும் பிள்ளைகள் கையில் ஒரு தோல் பந்தைக் கொடுத்துப் பார்க்க எந்தப் பி.இ.டி. ஆசிரியருக்காவது நேரம் கிடைத்தால் நல்லது.

கோவில்பட்டி பக்கத்துலதானே இருக்கு

சாத்தூரைத் தாண்டினால் கோவில்பட்டி. அதே கரிசல், அதே தீப்பெட்டி, அதே வெயில். 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் அங்கே உள்ள விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். அங்கே ஹாக்கி மரபு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதோடு விடுதி, சாப்பாடு, செயற்கைப் புல்தரை, தினமும் பார்க்கும் ஒரு கோச். அரியலூர்ப் பையன் கார்த்தியே அந்த விடுதிக்கு வந்துதான் தேறினான். நம்ம மாவட்டத்து மண்ணுக்கு ஏதோ குறை என்று யாராவது சொன்னால் கோவில்பட்டியைக் காட்டுங்கள்.

கிரிக்கெட்டுக்கு அந்த அளவுகூடக் கேட்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு தோல் பந்து பிட்ச், வருஷத்துக்கு இரண்டு முறை அளந்த தூரத்தில் உண்மையான ஸ்பீடு கன்னோடு திறந்தவெளித் தேர்வு, மாவட்ட அணிக்கு மாதம் ஒருமுறையாவது வரும் ஒரு பிசியோ. பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் டோர்னமென்ட் கோப்பைக்கும் பேனருக்கும் ஸ்பான்சர் செய்வதுண்டு. அதில் ஒரு பங்கை பிட்சுக்குத் திருப்பினால் போதும்.

அது நடக்கும்வரை வீட்டில் செய்யக்கூடியது: பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு மூன்று வருஷம் என்று கெடு வைத்துக்கொள்ளலாம். முதல் வருஷம் தோல் பந்தும் மாவட்ட அணியும், இரண்டாவது வருஷம் கல்லூரியும் ஏதாவது ஒரு லீக் கிளப்பும், மூன்றாவது வருஷம் முடிவில் அவன் முந்தைய வருஷத்தைவிட ஒரு படி மேலே ஆடுகிறானா என்று மட்டும் பார்க்கணும். சென்னையில் ஒரு கிளப்போ அகாடமியோ பணம் கேட்டால், கொடுக்கும் முன் அவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள். எந்த டிவிஷன்? போன சீசனில் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த வேகப்பந்துப் பையன்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மேட்சில் மொத்தம் எத்தனை ஓவர் கொடுத்தீர்கள்? ஸ்கோர்புக்கைக் காட்ட முடியுமா? காட்ட மறுத்தால் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடலாம்.